விக்டரி மாடல் ரிவால்வர் ஒன்று விலைக்கு வருகிறது. அது அசல்தானா, என்ன பெறும்?

"1943-இல் ராணுவத்துக்குப் போனது, எதுவும் மாற்றாத அசல்" என்று விற்பவர் சொல்கிறார், 4 அங்குலக் குழல், உடல் கண்ணாடிபோல் மின்னுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மினுமினுப்புதான் எனக்கு முதல் சந்தேகம்.

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸன் இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த விக்டரி மாடலில் அழகுக்கு இடமில்லை. மங்கிய சாம்பல் கலந்த கறுப்புப் பூச்சு, வரிவேலைப்பாடு இல்லாத வால்நட் கைப்பிடி, அடியில் கயிறு கோக்க ஒரு வளையம், 'வி' (V) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரிசை எண். இது மின்னுகிறது என்றால் பிற்காலத்தில் யாரோ தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும்; திருகுத் துளைகளின் வாய் கிண்ணம்போல் குழிந்திருக்கும். விசையும் சுத்தியலும் உடலைப் போலவே கருநீலமாக இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. ஆலையில் அவற்றுக்குப் பூச்சு கிடையாது. சூடேற்றிக் கடினமாக்கும்போது படியும் பல நிறத் திட்டுகள்தான் இருக்கும்.

அடுத்தது குழல். பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் போனவை பெரும்பாலும் 5 அங்குலக் குழலும் .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவும் கொண்டவை. அமெரிக்கக் கடற்படைக்குப் போனவை பெரும்பாலும் 4 அங்குலம், .38 ஸ்பெஷல். போர் முடிந்தபின் உபரியாக விற்கப்பட்ட பிரிட்டிஷ் துப்பாக்கிகள் பலவற்றின் குழலை வெட்டி, தோட்டா அறையை நீளமாகக் குடைந்து, ஸ்பெஷல் தோட்டா போடும்படி மாற்றிவிட்டார்கள். அப்படி ஒன்றை அசல் என்று நம்பி நானே வாங்கினேன். சுட்ட ஒவ்வொரு தோட்டாக் கூடும் அடிப்பக்கம் வீங்கி வெளியே வந்தது, ஒன்று பிளந்தேவிட்டது. பழைய எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா ஸ்பெஷலைவிடக் குட்டையானது, ஆனால் பருமன் கூடியது. அதனால் குடைந்த அறையின் பின்பகுதி ஸ்பெஷலுக்கு எப்போதும் தொளதொளப்புதான். அன்று முன்குறியை, அதாவது குறிபார்க்கக் குழல் நுனியில் இருக்கும் மேட்டை, உற்றுப் பார்த்திருந்தாலே தப்பித்திருப்பேன். அசலில் அது குழலோடு ஒரே இரும்பாக இருக்கும். என்னுடையதில் பற்றவைத்த கோடு தெரிந்தது.

எண்களைப் பொருத்திப் பார்ப்பது கட்டாயம். கைப்பிடியின் அடியில் உள்ள வரிசை எண்ணே குழலின் அடிப்புறத்திலும், தோட்டாக்கள் போடும் உருளையின் பின்முகத்திலும், வலது கைப்பிடிப் பலகையின் உள்பக்கத்திலும் இருக்க வேண்டும். உருளையைத் திறந்ததும் அது தொங்கும் கையின் அருகே தெரிகிற எண் வரிசை எண் அல்ல, ஆலையில் பாகங்களைச் சேர்க்கும்போது இட்டது. அது பொருந்தவில்லை என்று நல்ல துப்பாக்கியை வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு.

விலையைப் பொறுத்தவரை, எல்லா எண்ணும் பொருந்தி, பூச்சு தேய்ந்திருந்தாலும் அசலாக இருப்பதற்கே முழு விலை கொடுப்பேன். மெருகேற்றியதற்கு அதில் பாதி. அறையைக் குடைந்ததை எந்த விலைக்கும் வாங்க மாட்டேன். பெரிய தொகை என்றால் ஸ்மித் அண்ட் வெஸன் வரலாற்று அறக்கட்டளையிடம் கட்டணம் கட்டிக் கடிதம் பெறலாம். அந்த எண்ணுள்ள துப்பாக்கி ஆலையைவிட்டு எப்போது, யாருக்குப் போனது என்பது அதில் வரும்.

உருளை காலி என்று உறுதிசெய்துகொண்டு, கைப்பிடித் திருகைக் கழற்றி, வலது பலகையின் உள்பக்கம் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். பலகையை நெம்பாதீர்கள், ஓரம் சிதையும். அதுவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.