295-இல் முகடு வந்தால் மடியவில்லை என்று அர்த்தமில்லை

உங்கள் டிஎன்ஏ மடிந்துதான் இருக்கிறது. மனித டெலோமியரின் (குரோமோசோம் முனையின்) 22 கார வரிசைக்கு சிடி நிறமாலையில் (இடஞ்சுழி, வலஞ்சுழி ஒளியை மூலக்கூறு உறிஞ்சுவதில் உள்ள வேறுபாட்டின் அளவீடு) 265 நானோமீட்டரில் முகட்டை எதிர்பார்த்தீர்கள். கிடைத்தது 295-இல் முகடு, 265-இல் பள்ளம். இது எதிர்-இணை ஜி-குவாட்ருபிளெக்ஸின் அடையாளம்; அதாவது குவானின் மிகுந்த டிஎன்ஏ நான்கு இழை அடுக்காக மடிந்து, இழைகள் எதிரெதிர்த் திசைகளில் ஓடும் வடிவம். 265 முகடும் 240 பள்ளமும் நான்கு இழைகளும் ஒரே திசையில் ஓடும் வடிவத்துக்கு உரியவை. சி-மிக் என்ற மரபணுவின் ஊக்கிப் பகுதி வரிசையில் அதைப் பார்க்கலாம்.

காரணம் பெரும்பாலும் உங்கள் பஃபரில் உள்ள சோடியம். நான்கு குவானின்கள் சேர்ந்த தட்டுகளில் ஆக்சிஜன்கள் உள்நோக்கி நிற்கின்றன. நடுவே எந்த அயனி அமர்கிறதோ அதைப் பொறுத்து மடிப்பே மாறும். சோடியத்தில் இதே வரிசை கூடை வடிவம் எடுப்பதை வாங், படேல் இருவரும் 1993-இல் என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) வழியாகக் காட்டினார்கள்.

செய்து பாருங்கள்:

1. 100 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு உள்ள, சோடியமே இல்லாத பஃபரில் 95 டிகிரிக்குச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுங்கள். முகடு 290 பக்கம் நகர்ந்து, 265-270 அருகே ஒரு தோள் தெரிந்தால் அது 3+1 கலப்பு வடிவம் (மூன்று இழைகள் ஒரு திசையில், ஒன்று எதிர்த் திசையில்). லித்தியம் குவாட்ருபிளெக்ஸை அவ்வளவாக நிலைப்படுத்தாது என்பதால், ஒப்பிட அதில் ஒரு கட்டுப்பாட்டு மாதிரியும் அவசியம் வையுங்கள்.

2. 295-இல் ஒளி உறிஞ்சலை அளந்தபடி சூடாக்குங்கள். குவாட்ருபிளெக்ஸ் அவிழும்போது அது குறையும்.

ஒரு எச்சரிக்கை: சிடி தருவது சராசரி மட்டுமே, இரண்டு வடிவங்களின் கலவையும் ஒரே வளைவாகத் தெரியலாம். செல்லுக்குள் பொட்டாசியம்தான் மிகுதி. அதனால் டெலோமரேஸ் (டெலோமியரை நீட்டும் நொதி) தடுப்பு பற்றி எழுதப்போகிறீர்கள் என்றால் சோடியத் தரவை வைத்து எழுதாதீர்கள். டெலோமியரிலிருந்து படியெடுக்கப்படும் டெர்ரா ஆர்என்ஏவுக்கும் இதைப் பொருத்த முடியாது. அது சோடியத்திலும் இணை வடிவமே எடுக்கும்.