ஒளிரும் ஊசிக்கு முற்பணம் கட்டலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். மட்டக்களப்பில் மருந்து ஏற்றுகிறோம். கட்டியைத் தேடிப்போய் ஒளிர்ந்து கரைக்கிற 'நானோ காபன் ஊசி' சென்னையில் இருக்கிறதாம், 350,000 ரூபாய் முற்பணமாம். இதைச் சொன்ன தரகர் போத்தலை இருட்டில் ஒளிரவைத்தும் காட்டினார். நம்பலாமா?

கட்டாதீர்கள். மார்புப் புற்றுநோயைக் கரைக்கும் ஒளிரும் காபன் ஊசி எந்த நாட்டிலும் அனுமதி பெற்று விற்பனைக்கு வரவில்லை.

காபன் புள்ளிகள் என்ற ஒளிரும் நுண்துணிக்கைகள் பொய்யல்ல. 2004இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்றில் தற்செயலாக அகப்பட்டவை. 10 நானோமீற்றரிலும் (ஒரு நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) சிறியவை. சித்திரிக் அமிலத்தையும் யூரியாவையும் தண்ணீரில் கரைத்து, இறுக மூடிய உருக்குக் கலனில் 180 பாகையில் சில மணி நேரம் வைத்தால் கிடைக்கும். கருகிய சீனிப்பாகிலும் உண்டு. எலிகளில் சோதிக்கிறார்கள், அவ்வளவுதான்.

போத்தல் ஒளிர்ந்ததா? கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை சலவைத்தூள் கரைத்த தண்ணீரில் அடித்துப் பாருங்கள், அதுவும் நீலமாக ஒளிரும். பி கொம்பிளெக்ஸ் குளிசையை நொறுக்கிக் கரைத்தால் மஞ்சள் கலந்த பச்சை. அந்த ஊதாக்கதிர் தோலுக்குள் ஒரு மில்லிமீற்றர் போவதே பெரும்பாடு. உள்ளே கிடக்கும் கட்டியை அது எங்கே காட்டப்போகிறது?

"சீனாவில் போடுகிறார்களே" என்று தரகர் அடுத்ததாகச் சொல்வார். அது பொய்யில்லை, அதனால்தான் ஆபத்து. அங்கே அனுமதி பெற்ற காபன் நானோ ஊசி இருக்கிறது. ஆனால் துணிக்கை சுமார் 150 நானோமீற்றர், கரிபோலக் கறுப்பு, ஒளிராது. தைரொயிட் சத்திரசிகிச்சையில் சுரப்பிக்குள் துளி ஏற்றினால் நிணநீர் முடிச்சுகள் கறுக்கும். பக்கத்திலுள்ள பராதைரொயிட் என்ற சின்னஞ்சிறு சுரப்பி கறுக்காது, அதனால் தவறி வெட்டுப்படாமல் தப்பும். சத்திரசிகிச்சை நிபுணருக்கு அடையாளம் காட்டும் மை அது. எந்தக் கட்டியையும் கரைக்காது.

மருந்தின் மூலப்பெயர், தயாரிப்பாளர், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவிலக்கம், மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஆள் திரும்பி வரமாட்டார். கிளினிக்கில் வரிசை நீளம், துண்டெல்லாம் ஆங்கிலம், விளக்கம் சொல்ல எவருக்கும் நேரமில்லை. தரகருக்கு மட்டும் வீடு தேடி வந்து தமிழில் ஒரு மணி நேரம் கதைக்க முடிகிறது!

"எங்கள் ஊசி வரும்வரை அந்த மருந்தை நிறுத்துங்கள்" என்பார்கள். ஒரு தவணையும் விடாதீர்கள். இடைவெளி நீண்டால் தப்பிய புற்றுக் கலங்கள் மறுபடி பெருகும். போத்தலின் படத்தை கிளினிக் கொப்பிக்குள் வைத்து வைத்தியரிடம் காட்டுங்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே ஏதாவது குடிக்கவோ ஏற்றவோ கொடுத்திருந்தால் மறைக்க வேண்டாம், ஈரலையும் சிறுநீரகத்தையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தவணை ஏற்ற வேண்டியிருக்கும்.