நீல வயரும் மாஸ்டர்ஸ் டிகிரியும்

தம்பி, அப்பா வழி பிரெஞ்சுக் குடியுரிமையில் பாரிஸ் வந்து இரண்டு மாதம், வயது 27, கையில் கடலூரில் முடித்த மெக்கானிக்கல் பி.இ. மாஸ்டர்ஸ் சேர்வதா, எலக்ட்ரீஷியன் வேலை பழகுவதா, பழகினால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். 2004ல் பி.காம். சான்றிதழோடு வந்தேன். தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய். அவருக்குப் பென்ஷன் கொடுத்த நாட்டில் பேரன் ஆபீசில்தான் உட்காருவான் என்று வீட்டில் நினைப்பு. ஒன்றரை வருடம் ஓட்டலில் தட்டு கழுவினேன். அப்புறம்தான் 'சே ஆ பே' என்கிற தொழிற்சான்றிதழுக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடப் படிப்பு. சில வாரம் வகுப்பு, சில வாரம் கம்பெனி.

ஊரில் மாமாவோடு வயரிங் வேலைக்குப் போனவன் என்பதால் கொஞ்சம் திமிர் உண்டு. முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். நம்மூரில் கறுப்பு வயர் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்புவது; நீலம் ஒரு பேஸ், கரண்ட் வருவது. இங்கே நீலம்தான் நியூட்ரல். கறுப்பைத் தொட்டால் ஷாக். பழக்க தோஷத்தில் ஒரு சமையலறை முழுக்க மாற்றிக் கொடுத்துவிட்டேன். மேஸ்திரி கத்தவில்லை. டெஸ்டரை என் கையில் திணித்து, ஒவ்வொரு பிளக் பாயின்டாகக் கழற்றச் சொன்னார். மொத்தம் பதினொன்று. மதியச் சாப்பாடு போச்சு.

உங்கள் வயதில் ஒரு வசதி இருக்கிறது. 26 நிரம்பியவருக்குப் பயிற்சியிலேயே முழு 'ஸ்மிக்', அதாவது சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம். 2025ல் பிடித்தத்துக்கு முன் மாதம் சுமார் 1,800 யூரோ. ஆனால் பொதுவாக 30வது பிறந்தநாளுக்குள் ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும். மாஸ்டர்ஸையும் இதே மாதிரி கம்பெனிச் சம்பளத்தோடு படிக்கலாம். அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் ஃபீஸ் சில நூறு யூரோதான். இடிப்பது பிரெஞ்சு. வயரிங்குக்கு மொழி எதற்கு என்று நினைக்காதீர்கள். போனில் ஒரு பாட்டி படபடவென்று சொல்வதை வைத்து எந்த ஃபியூஸ் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இன்று சொந்த வேன், என்னிடம் இரண்டு பேர் வேலை. லிஃப்ட் இல்லாத ஆறாவது மாடிக்குக் கேபிள் சுருள் தூக்கியதில் முட்டியும் போய்விட்டது. மாஸ்டர்ஸ் படித்த நண்பனைக் குளிர்காலத்தில் பார்த்தால் பொறாமைதான்.

அம்மாவா? என் அம்மா இன்றும் காந்தி வீதியில் யார் கேட்டாலும் "பையன் கரண்ட் இன்ஜினியர்" என்கிறார். திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன். போன லீவில் நான் போய் இறங்கியதும் அவர் முதலில் காட்டியது, மூன்று மாதமாக எரியாத மாடிப்படி லைட்டை.