சப்சிடி கிடைக்கிறது, பாக்கிப் பணம்தான் வரமாட்டேன் என்கிறது: சிறுதொழில் கேள்வி பதில்

பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டிருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது பட்டறைக்காரர்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போடுவது, பாக்கி வசூலுக்கு மனு எழுதுவது என்று பொழுது போகிறது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கோவை கணபதி, லேத் பட்டறை: அண்ணா, ஒரு பெரிய பம்ப் கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்கிறோம். பி.ஓ.விலேயே (பர்ச்சேஸ் ஆர்டர்) 90 நாள் என்று போட்டிருக்கிறார்கள், அதுவும் தாண்டி இழுக்கிறார்கள். பாக்கிப் புகாருக்கான அரசின் சமாதான் தளத்தில் மனு போடச் சொல்கிறார்கள். போட்டால் அடுத்த ஆர்டர் வருமா?

வராமல் போகலாம். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் மனு போடுவதற்கு முன்னால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை.

சட்டம் என்னவோ உங்கள் பக்கம்தான். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும், ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். பி.ஓ.வில் 90 என்று போட்டு நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த 90 செல்லாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5 என்று வைத்தால் 16.5 சதவீதம் ஆகிறது. எந்தக் கம்பெனியும் இந்த வட்டிக்கு வெளியில் கடன் வாங்காது, ஆனாலும் உங்கள் பணத்தில்தான் ஓட்டுவார்கள், ஏனென்றால் நீங்கள் கேட்கப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

நாள் எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் குறை சொல்லவில்லை என்றால், டெலிவரி ஆன நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே டெலிவரி சலானில் செக்யூரிட்டி வைக்கும் சீல் போதாது, ஸ்டோர்ஸில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ரிஜக்‌ஷன் என்று போனில் சொன்னால், "மெயிலில் அனுப்புங்க சார்" என்று கேளுங்கள். பில்லின் கீழே உத்யம் எண்ணையும் (அரசின் எம்எஸ்எம்இ பதிவு எண்) 45 நாள் விதியையும் ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்.

அப்புறம் கடிதம். பர்ச்சேஸ் ஆளுக்கு எழுதாதீர்கள், அவர்தான் ஆர்டரை நிறுத்துகிறவர். அக்கவுண்ட்ஸுக்கு, வருஷ முடிவில் பாக்கியை உறுதிப்படுத்தும் கடிதமாக, உத்யம் சான்றிதழை இணைத்து அனுப்புங்கள். மிரட்டல் தொனி வேண்டாம். ஏன் அக்கவுண்ட்ஸ் என்றால், சிறு நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் பாக்கியையும் அதன் வட்டியையும் அவர்கள் ஆண்டுக் கணக்கில் காட்டியாக வேண்டும், அந்த வட்டியைச் செலவாகக் காட்டி வருமான வரியும் குறைக்க முடியாது. 45 நாள் தாண்டிய பாக்கியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி விவகார அமைச்சகத்துக்கு எம்எஸ்எம்இ-1 படிவத்தில் சொல்ல வேண்டும், இது 2019இலிருந்து இருக்கிறது. 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் வந்த 43பி(எச்) பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், காலக்கெடு தாண்டிய தொகையைக் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் கழிக்கலாம் என்றது. மார்ச் மாதம் ஆடிட்டர் இதைக் கேட்பார். நீங்கள் கேட்டு வராத பணம் ஆடிட்டர் கேட்டால் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் பலிக்கவில்லை, அந்தப் பார்ட்டியோடு இனி வேலையும் இல்லை என்றால் தயங்காமல் மனு போடுங்கள். கோவையிலேயே இந்தப் பாக்கி மனுக்களை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றம் இருக்கிறது (சென்னை, திருச்சி, மதுரையிலும் உண்டு). வாங்கியவர் புனேயில் இருந்தாலும் வழக்கு சப்ளை செய்தவரின் ஊர் மன்றத்தில்தான். ஒப்பந்தத்தில் தனி ஆர்பிட்ரேஷன் (நடுவர்) ஷரத்து இருந்தாலும் இந்தச் சட்டம்தான் முந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமென்றால் 75 சதவீதப் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

அதே கேள்வியில் இன்னொருவர் (ஓசூர்): இவ்வளவு சட்டம் இருந்தும் பணம் வரவில்லையே, அரசு வேறு என்னதான் செய்யணும்?

பலவீனமானவன் கையில் புகார் மனுவைக் கொடுத்துவிட்டு, துணிச்சல் இருந்தால் போடு என்கிறது சட்டம். ஓட்டை அங்கேதான். புகார் இல்லாமலே கெடு தாண்டியது தெரிகிற மாதிரி செய்ய வேண்டும், அதற்கான தகவல் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. நீங்கள் போடும் பில் ஜிஎஸ்டி தளத்தில் ஏறுகிறது, வாங்கியவர் அதை வைத்து உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்கிறார். 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் தரவில்லை என்றால் எடுத்த வரியைத் திருப்ப வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்திலேயே இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்தின் பில்லுக்கு மட்டும் அந்த 180ஐ 45 ஆக்கட்டும், பணம் வந்ததா இல்லையா என்று சப்ளையர் தளத்தில் ஒரு டிக் அடிக்க வழி வைக்கட்டும். புதுத் திட்டம், புது லோகோ, புதுப் பெயர் எதுவும் தேவையில்லை.

எம்எஸ்எம்இ-1 விவரங்களை எந்தப் பட்டறைக்காரனும் போனில் தேடிப் பார்க்கிற மாதிரி போட்டால் அதுவே பாதி வேலை. பிரிட்டனில் பெரிய கம்பெனிகள் சராசரியாக எத்தனை நாளில் பில் பணம் தருகின்றன என்பதை 2017இலிருந்து வெளியிட்டே ஆக வேண்டும். ஆர்டர் எடுப்பதற்கு முன்னால் இவன் எப்படிப்பட்ட பார்ட்டி என்று பார்த்துக்கொள்ளலாம்.

43பி(எச்)சில் ஒரு பக்கவிளைவும் உண்டு, மறைக்க வேண்டாம். "உத்யமை ரத்து செய்துவிட்டு வா, ஆர்டர் தருகிறேன்" என்று கேட்ட பார்ட்டிகள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சேலம், ஸ்டீல் ஃபர்னிச்சர்: சார், தனியார் கம்பெனியை விடுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு மேஜை சப்ளை செய்த பணமே வரவில்லை, நிதி ஒதுக்கீடு வரவில்லை என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கோபமாகவே இருந்தது. அரசு அலுவலகமும் இந்தச் சட்டப்படி வாங்குபவர்தான், அவர்கள் மீதும் மன்றத்துக்குப் போகலாம், 45 நாள் அவர்களுக்கும் பொருந்தும். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதில் 4 சதவீதம் பட்டியல் இனத்தவர், பழங்குடியினரிடம், 3 சதவீதம் பெண்களிடம் என்று விதி வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் ஆர்டர் கொடுத்துவிட்டு ஒரு வருஷம் பணம் தரவில்லை என்றால், சேலத்துப் பட்டறைக்காரன் மீட்டர் வட்டிக்கு வாங்கி அரசுக்குக் கடன் கொடுக்கிறான் என்றுதானே அர்த்தம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசு அமைப்புகளுக்குப் பொதுவாக 30 நாள்தான் கெடு.

நான் கேட்பது இரண்டு. நிதி ஒதுக்கீட்டு எண் இல்லாமல் எந்தத் துறையும் பர்ச்சேஸ் ஆர்டர் போடக் கூடாது. கெடு தாண்டினால் வட்டி பில்லோடு தானாகவே சேர வேண்டும், சப்ளையர் கேட்டு வாங்கும்படி இருக்கக் கூடாது. வட்டி எந்தத் துறையின் கணக்கில் விழுகிறது என்று தணிக்கையில் வந்தால், ஃபைல் நகரும் வேகமே வேறாக இருக்கும்.

அரசு சார்ந்த பெரிய நிறுவனங்களுக்குச் சப்ளை செய்கிறவர்கள் பில்லை வைத்துப் பணம் வாங்கும் இணையத் தளமான ட்ரெட்ஸ் பற்றிக் கேளுங்கள். ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே ஏற்றினால் வங்கிகள் போட்டி போட்டுக் கழிவு விலையில் பணம் தரும், அப்புறம் வாங்கியவர் வங்கிக்குக் கட்டிக்கொள்வார். 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனிகள் அதில் சேர வேண்டும் என்று 2024இல் வரம்பைக் குறைத்தார்கள், முன்பு 500 கோடி. சேர்வது கட்டாயம், பில்லை ஏற்றுக்கொள்வது கட்டாயமில்லை. இந்த ஒரு சந்து போதும் அவர்களுக்கு.

ஈரோடு, மசாலா பொடி தயாரிப்பு: அண்ணா, 8 லட்சம் கடன் கேட்டதுக்கு வீட்டுப் பத்திரம் கொண்டு வரச் சொல்கிறார்கள். வீடு மாமனார் பெயரில் இருக்கு.

பத்திரத்தை எடுக்காதேம்மா. குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சொன்னது. அதற்காகத்தான் சிஜிடிஎம்எஸ்இ (கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும் நிதியம்) உத்தரவாதம் இருக்கிறது, இப்போது 10 கோடி வரை உண்டு. 10 லட்சம் வரையிலான கடனுக்கு வருஷக் கட்டணம் 0.37 சதவீதம்தான்.

மேனேஜர் அப்படியும் ஏன் கேட்கிறார் என்பதை அந்த நாற்காலியில் இருந்தவனாகச் சொல்கிறேன். கடன் வாராக்கடன் ஆனால் உத்தரவாதப் பணம் வங்கிக்கு வரும், ஆனால் விளக்கம் கேட்டு மெமோ மேனேஜருக்கு வரும். பத்திரம் இருந்தால் யாரும் அவரைக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆகவே உத்தரவாத நிதியின் பணத்தை இன்னும் கூட்டுவதால் ஒன்றும் மாறாது. விதிப்படி கொடுத்த சின்னக் கடன் கெட்டுப்போனால் கிளை ஊழியர் மேல் நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் தெளிவாக இருந்தால்தான் மாறும். நீ செய்ய வேண்டியது, "சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தின் கீழ் கடன் கோருகிறேன்" என்று விண்ணப்பத்தில் எழுதி ஒப்புகை வாங்கு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேள். எழுத்தில் என்றதும் பாதிப் பேர் பத்திரத்தை மறந்துவிடுவார்கள்.

திருநெல்வேலி, பேப்பர் கப் யூனிட் தொடங்க நினைப்பவர்: யூஒய்இஜிபி, நீட்ஸ், பிஎம்இஜிபி... எதில் சப்சிடி அதிகம்?

தம்பி, சப்சிடியைப் பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுக்காதே. சரி, கேட்டதற்குப் பதில். வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசின் யூஒய்இஜிபி சின்னத் திட்டங்களுக்கு, 15 லட்சம் வரை, 25 சதவீதம். புதுத் தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை, 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம், கூடவே 3 சதவீத வட்டி மானியம். மத்திய அரசின் பிஎம்இஜிபியில் உற்பத்திக்கு 50 லட்சம் வரை, கிராமமா நகரமா, எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து 15 முதல் 35 சதவீதம். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் பார், 35 சதவீதம், வட்டி மானியம் 6 சதவீதம்.

யாரும் சொல்லாதது: பிஎம்இஜிபி சப்சிடி உன் கைக்கு வராது. வங்கியில் உன் பெயரில் மூன்று வருஷம் டெபாசிட்டாகக் கிடக்கும், யூனிட் ஓடுகிறது என்று உறுதியான பிறகுதான் கடனில் கழியும். அதை நம்பி மிஷின் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு முழிக்கிறவர்கள் ஏராளம். பேப்பர் கப்புக்கு உன் ஊரில் ஏற்கெனவே எத்தனை மிஷின் சும்மா நிற்கிறது என்று ஒரு சுற்றுப் போய்ப் பார். மிஷின் விற்கிறவன் "பைபேக்" என்று சொல்வதை நம்பாதே.

தஞ்சாவூர், மொத்த மளிகை: எங்களுக்கும் உத்யம் இருக்கு. 45 நாள் விதி எங்களுக்கு உண்டா?

இல்லை. 2021இல் வியாபாரிகளைச் சேர்த்தது முன்னுரிமைக் கடனுக்காக மட்டும்.

பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்றவர்: உத்யம் பதிவுக்கு ஏஜென்ட் 3,000 கேட்கிறார், நியாயமா?

பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். அரசுத் தளம் மாதிரியே தோற்றத்தில் கட்டணம் வாங்கும் தளங்கள் இருக்கின்றன, முகவரியில் gov.in என்ற முடிவைப் பாருங்கள். பதிவை முதல் சரக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். பதிவுக்கு முன் அனுப்பிய சரக்குக்கு அந்தச் சட்டத்தின் பலன் கிடையாது என்று 2021இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அதைத்தான்.

மானாமதுரை, மண்பாண்டம்: விஸ்வகர்மா, கைவினைத் திட்டம், இரண்டில் எது?

தமிழ்நாட்டில் இருக்கிறவருக்குக் கலைஞர் கைவினைத் திட்டம்தான் நடைமுறையில் உள்ளது. 25 தொழில்கள், 3 லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000, வட்டியில் 5 சதவீதம் அரசு ஏற்கும். 35 வயது ஆகியிருக்க வேண்டும். மத்தியத் திட்டத்தைக் குலத்தொழில் வாசனை அடிக்கிறது என்று மாநில அரசு ஏற்கவில்லை, அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. மண் எடுக்க அனுமதிக்கு அலைவதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது கடனை விடப் பெரிய பிரச்சினை. அதற்கு மானியம் தேவையில்லை, நேரத்துக்கு ஒரு கையெழுத்து போதும்.

கோவை, மறுபடியும் (வேறொருவர்): சப்சிடியே வேண்டாம், கரண்ட் பில்லைக் குறைத்தால் போதும் என்று ஏன் யாரும் சொல்வதில்லை?

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2022 செப்டம்பர் உயர்வில் யூனிட் விலையை விட நிலைக் கட்டணம்தான் உதைத்தது. ஆர்டர் இல்லாமல் மிஷின் நிற்கிற மாதமும் அது ஓடும். ஓடாத மாதத்துக்கு நிலைக் கட்டணத்தில் சலுகை கொடுத்தால், பத்துத் திட்டங்கள் சேராத சின்னப் பட்டறைக்கும் அது போய்ச் சேரும், யாரும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை.

விருதுநகர்: நாளை மாவட்டத் தொழில் மையம் போகிறேன், என்ன எடுத்துப் போகணும்?

ஆதார், பான், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, படிப்புச் சான்று, இடத்தின் வாடகை ஒப்பந்தம், மிஷினுக்கு ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய கொட்டேஷன் (இரண்டு கடையில் வாங்குங்கள்), ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட். சிபில் (கடன் மதிப்பெண்) எவ்வளவு என்று போகும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள், பழைய நகைக் கடன் பாக்கி அங்கே போய்த் தெரிய வேண்டாம். விண்ணப்பம் ஆன்லைனில் ஏற்றியதும் வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக்குப் பரிந்துரை போன தேதியையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு மாதமாகியும் வங்கி வாயைத் திறக்கவில்லை என்றால், அந்த எண், தேதியோடு கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுங்கள்.