கேளுங்க, சொல்றோம்: மாத்திரை கொடுத்தாச்சா, இல்லையா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் ஆச்சியைப் பார்த்துக்கொள்கிறேன். பக்கவாதம் வந்ததில் வலது கை, கால் வராது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. பகலுக்கு நான், ராத்திரிக்கு வேறொரு அக்கா. மூத்த மகன் சென்னையிலிருந்து ஒன்று சொல்கிறார், மகள் துபாயிலிருந்து வேறொன்று. சில நாள் மாத்திரை கொடுத்தாச்சா இல்லையா என்றே தெரிவதில்லை. எப்படித்தான் ஒழுங்காக வைத்துக்கொள்வது?
(பெயர் வேண்டாம், மேலப்பாளையம்)

பதில்: உங்கள் ஞாபகத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஆள் மாறி ஆள் பார்க்கிற வேலை எழுத்தில் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு நீள நோட்டு வாங்கி, அதிலேயே பேனாவை நூலில் கட்டி, ஆச்சி கட்டில் பக்கத்தில் போடுங்கள். பேனா கட்டாத நோட்டில் நாலாம் நாளே எழுத்து நின்றுவிடும். போனில் குறித்தால் போதாதா என்பார்கள். உங்கள் போன் சாயங்காலம் உங்களோடு மேலப்பாளையம் போய்விடுமே!

நாளுக்கு ஒரு பக்கம். டாக்டர் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலையில் ஒன்று, மதியம் கிடையாது, ராத்திரி ஒன்று. அதை அப்படியே கட்டம் போட்டு எழுதி, கொடுத்ததும் டிக் செய்து நேரத்தையும் போடுங்கள். கொடுத்ததும் என்றால் கையில் எடுத்ததும் இல்லை, விழுங்கியதும். பக்கவாதம் வந்தவர்களுக்கு மாத்திரை அந்த வராத பக்கத்துக் கன்னத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கும், உணர்வு குறைவு என்பதால் ஆச்சிக்கே தெரியாது. நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி வலது கன்னத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் டிக் போடுங்கள். அதே பக்கத்தில் பிரஷர், சுகர் அளவு, மோஷன் போனதா, எந்தப் பக்கமாகப் படுக்கவைத்தீர்கள் என்பதும் இருக்கட்டும். தானாகப் புரளமுடியாதவர் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றவேண்டும், இல்லையென்றால் இடுப்பெலும்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும்.

அடுத்து அந்த மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டி ஒருமுறை பாருங்கள், குழப்பத்தில் பாதி அங்கேதான் கிடக்கும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம், ஆனால் அதில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும், மெடிக்கலில் மகன் வாங்கிப்போட்ட அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும். இரண்டும் ஆம்லோடிபின் என்கிற ஒரே பிரஷர் மருந்தாகவே இருந்து, இரண்டையும் கொடுத்தால் பிரஷர் அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். அட்டையில் பொடி எழுத்தில் இருக்கிற பெயரைப் பார்த்து ஒப்பிடுங்கள், சந்தேகம் வந்தால் மெடிக்கல்காரரிடமோ நர்ஸிடமோ காட்டுங்கள். டாக்டர் நிறுத்தச் சொன்னதைத் தனிக் கவரில் போட்டு ‘நிறுத்தியது’ என்று எழுதி அந்த வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். அட்டையைக் கத்தரிக்கும்போது தேதி இருக்கிற முனை கடைசிவரை மிஞ்சட்டும்.

மகனையும் மகளையும் பொறுத்தவரை ஒரே வழிதான். ‘அண்ணாச்சி, உங்களில் யாராவது ஒருத்தர் சொல்லுங்க, அதையே கேட்டுக்கிடுதேன்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். மருந்து மாற்றம் எதுவானாலும் டாக்டர் சீட்டு கைக்கு வந்த பிறகுதான், போனில் சொன்னதற்காக இல்லை. ராத்திரி அக்கா வந்ததும் அன்றைய பக்கத்தை போட்டோ எடுத்து அவர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டால் ஆளுக்கொரு கேள்வி கேட்பது தானாகக் குறையும். டயப்பர், பழம் என்று வாங்குகிற கணக்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி பில்லையும் பின் போட்டுவையுங்கள். பணப் பேச்சு வந்தால் கெட்ட பெயர் வேலைக்கு வந்தவருக்குத்தான் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: அக்னி நட்சத்திர வெயிலில் கரண்ட் போனால் மாமாவின் இன்சுலின் கெட்டுவிடுமா?
(ஒரு மருமகள், அம்பாசமுத்திரம்)

பதில்: ஒன்றிரண்டு மணி நேரம் என்றால் பிரிட்ஜைத் திறக்காமல் இருந்தாலே போதும். போட்டுக்கொண்டிருக்கிற பாட்டில் பெரும்பாலும் 28 நாள் வெளியில் தாங்கும், ஆனால் 30 டிகிரிக்குக் கீழே. நம் ஊர் மே மாதத்துக்கு அது ஆகாது. நீளமாகக் கரண்ட் போனால் ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள் சின்ன டப்பாவில் மூடி நிழலில் வையுங்கள். பிரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்துபோனதைத் தூரப் போடத்தான் வேண்டும். பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதிவிடுங்கள்.