“வேண்டாம்தானே?”

கேள்வி: தசைச்சிதைவு நோயால் பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். போன மாதம் நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்ந்தபோது, மருத்துவர் என் அண்ணனைத் தனியே அழைத்து, “மூச்சுத்திணறல் அதிகமானால் வென்டிலேட்டர் வேண்டாம்தானே?” என்று கேட்டிருக்கிறார். நான் நல்ல நினைவோடுதான் இருந்தேன். அதை அறிந்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளும் சட்டங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று தோழியிடம் சொன்னேன். “விரும்புகிறவர்களுக்குத்தானே அது? உனக்கென்ன நஷ்டம்?” என்றாள். என் பயம் சுயநலமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

சுயநலம் இல்லை. ‘வேண்டுமா?’ என்று கேட்டிருந்தால் அது கேள்வி. ‘வேண்டாம்தானே?’ என்பது முடிவு; அதற்கு ஒரு தலையசைப்பு மட்டும்தான் பாக்கி. அதையும் உங்களிடம் கேட்கவில்லை.

பிரிட்டனில் ஜேன் கேம்பெல் என்ற மாற்றுத்திறனாளி உரிமைப் போராளிக்கு 2003-இல் இதுவே நேர்ந்தது. கடும் நிமோனியாவுடன் கிடந்த அவரிடம், மூச்சு நின்றால் உயிர்ப்பிப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நினைக்கிறேன் என்றார் மருத்துவர். கணவர் வீட்டுக்கு ஓடி, மனைவி பட்டமளிப்பு அங்கியில் நிற்கும் படத்தை எடுத்துவந்து காட்டினார். தூங்கினால் விட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஜேன் இரண்டு நாள் கண்மூடவில்லை. 2007-இல் அவர் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை உறுப்பினரானார். அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொங்குகிறது. பட்டம் வாங்காத ஒருவருக்காக எதைக் கொண்டுவந்து காட்டியிருப்பார்கள்?

ஓரிரு மருத்துவர்களின் குணக்கேடு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 714 மருத்துவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், கடுமையான உடற்குறை உள்ளவர்களின் வாழ்க்கைத்தரம் மற்றவர்களுடையதைவிடத் தாழ்ந்தது என்று 82.4 சதவீதத்தினர் சொன்னார்கள். அதே நாட்டில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட உடற்குறையோடு வாழ்கிறவர்களையே கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் தம் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்றார்கள். மருந்துச்சீட்டு எழுதும் பேனா முதல் தரப்பின் கையில் இருக்கிறது.

உங்கள் தோழிக்கு நான் சொல்வது இதைத்தான். நடமாடும் ஒருவர் ‘சாக வேண்டும்’ என்றால் எல்லோரும் ஓடிவந்து தடுக்கிறோம். நாற்காலியில் இருப்பவர் சொன்னால், ‘பாவம், வேறென்ன செய்வார்’ என்கிறோம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளும் சட்டம் 1997-இல் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடும் என்று கணிக்கப்பட்ட நோயாளிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். அங்கே வெளியாகும் ஆண்டறிக்கைகளில், சாக விரும்புவதற்கான காரணங்களில் வலி முதலிடத்தில் இல்லை. தன் காரியத்தைத் தானே செய்ய முடியாமை, கண்ணியம் போய்விட்டது என்ற எண்ணம் போன்றவைதான் முன்னால் நிற்கின்றன. உடை மாற்ற ஒருவர் உதவுவது கண்ணியக் குறைவு என்றால், உங்கள் ஒவ்வொரு காலையையும் என்னவென்று சொல்வது?

மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இதே உதவியைக் கேட்டு வழக்குப் போட்டு 2019-இல் வென்ற ஜான் ட்ரூஷோனுக்குப் பெருமூளை வாதம்; நிக்கோல் கிளாடுவுக்குப் போலியோவின் பின்விளைவுகள். தங்கள் முடிவைத் தாங்களே எடுக்க வேண்டும் என்றார்கள். அந்த ஏக்கத்தை நான் இகழமாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பைத் தொடர்ந்து 2021-இல் சட்டம் விரிந்து, சாவு அண்மையில் இல்லாத நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கதவைத் திறந்தது. வீட்டு உதவியாளருக்கும் தகுந்த வீட்டுக்கும் காத்துக் கிடக்கிறவருக்கு, காத்திருக்காமல் கிடைப்பது சாவு மட்டும் என்றால் அதை விருப்பம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவும் 2025-இல் அந்த விரிவாக்கத்தைத் திரும்பப் பெறும்படி கனடாவைக் கேட்டுக்கொண்டது.

தூக்கமின்மை நீடித்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். உங்கள் அனுபவத்தை அச்சம் என்று சுருக்காமல் கேட்பவராக அவர் இருக்கட்டும். அந்த மருத்துவமனைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இதே நிமோனியா நடக்கக்கூடிய ஒருவருக்கு வந்திருந்தால் இப்படிக் கேட்டிருப்பார்களா என்று அதில் கேளுங்கள்.

அண்ணன் என்ன பதில் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை அதுதான் உங்களைத் தூங்கவிடவில்லையோ? அவரிடம் கேட்டுவிடுங்கள். அந்த அறையில் அவரும் தனியாக நின்று திகைத்திருக்கலாம். பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: உங்கள் வேலை, உங்கள் நாள், உங்களால் பேச முடியாதபோது யார் பேச வேண்டும், என்ன சிகிச்சை வேண்டும். வென்டிலேட்டர் பற்றிய வரியை நீங்களே சொல்லுங்கள், அண்ணன் எழுதட்டும்.