முதலாளியும் விசுவாசி, நானும் விசுவாசி. கடையில் நடக்கும் அநியாயத்தைக் கேட்கலாமா?

கேள்வி: ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். முதலாளி ஊரறிந்த கிறிஸ்தவர். நாள் முழுக்க நிற்க வேண்டும், எதற்கெடுத்தாலும் சம்பளத்தில் பிடித்தம், ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியாது. கிறிஸ்தவளாக நான் இதைப் பொறுத்துப் போக வேண்டுமா?

பதில்:

கேட்கலாம். தாராளமாகக் கேட்கலாம். வேதத்திலும் அதற்கு இடம் இருக்கிறது, நாட்டுச் சட்டத்திலும் இருக்கிறது.

நீங்கள் அநேகமாகச் சின்ன வயதுப் பிள்ளை, ஹாஸ்டலில் தங்கியிருப்பீர்கள், வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்ப வேண்டியிருக்கும், அதனால்தான் இவ்வளவு தயங்கிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி இருந்தவள்தான். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். பிளஸ் டூ முடித்ததும் பிள்ளைகள் வெளியூர்க் கடை வேலைக்குப் போவது எங்கள் பக்கம் வழக்கம். ஏற்கெனவே அங்கே இருக்கிற சித்தி மகளோ மாமா மகளோ கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுவாள்.

எங்கள் கடையில் ஷட்டர் திறக்குமுன் கீழ்த்தளத்தில் ஜெபம் நடக்கும். முதலாளியே நடத்துவார். நன்றாக ஜெபிப்பார், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஜெபத்துக்கு வராதவர்களுக்கு அரை நாள் சம்பளம் கட். ஜெபம் முடிந்த பிறகுதான் பஞ்ச் வைக்க விடுவார்கள். அதாவது அந்த அரை மணி நேரம் வேலைக் கணக்கில் வராது. இந்துப் பிள்ளைகளும் எங்களோடு வந்து நின்றாக வேண்டும்.

நான் பட்டுப் பிரிவில் இருந்தேன். கஸ்டமருக்கு நாற்காலி, எங்களுக்குத் தரை. விரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்கி முடிக்கும்போது அடுத்த குடும்பம் வந்துவிடும். ஆள் இல்லாத நேரத்தில் ரேக்கில் சாய்ந்தால்கூட, மேனேஜர் கேமராவில் பார்த்துவிட்டு ஐம்பது ரூபாய் பிடித்துவிடுவார். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். ஆண்களிடம் போய் அடிக்கடி கேட்கக் கூச்சப்பட்டு முக்கால்வாசிப் பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். எங்கள் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். அவருக்குக் கணுக்காலுக்கு மேலே நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருக்கும். ராத்திரி ஹாஸ்டலில் சுவரோரமாகப் படுத்து, காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வார். அப்புறம் அந்த அறையில் எல்லோருமே அப்படித்தான் படுத்தோம்.

உட்காருவது உரிமை என்று சட்டம் சொல்கிறது. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்கிற தையல்கார அம்மாவின் முன்னெடுப்பில் 'பெண்கூட்டு' என்று சேர்ந்து, கழிப்பறைக்காகவும் நாற்காலிக்காகவும் பல வருடம் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டசபை 1947-ம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது அதன் சாரம். அதே சட்டத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை என்பதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. அபராதம் பிடிக்கவும் வரம்பு இருக்கிறது. எங்கள் கடையில் சட்டம் வந்ததும் தளத்துக்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள். ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் படத்தான் அது. நாங்கள் உட்கார்ந்தால் பழையபடி பிடித்தம்தான்.

அந்த அக்கா கால் சிகிச்சைக்காக வேலையை விட்டு நின்றார். கடைசி மாதச் சம்பளமும் சேரும்போது பிடித்த டெபாசிட்டும் தரவில்லை. கேட்டால், சொல்லாமல் நின்றுவிட்டாராம். அதே வருடம் எங்கள் ஊர்க் கோயிலின் (தேவாலயத்தைத்தான் நாங்கள் கோயில் என்போம்) புதுக் கோபுரத்துக்கு முதலாளிதான் பெரிய தொகை கொடுத்தார். சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகை அன்று அவருக்குச் சால்வை போட்டார்கள், கல்வெட்டில் முதல் பெயர் அவருடையது. அந்த அக்காவின் வீடு கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். அவருடைய அம்மா அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

நான் ஐயரிடம், அதாவது எங்கள் சபைப் போதகரிடம், போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், கேட்டு வருத்தப்பட்டார். "பிள்ளே, கொலோசெயர் மூணாம் அதிகாரத்துல பவுல் என்ன சொல்லுதாரு? வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்னு இருக்குல்லா" என்றார். இருக்கிறது, 22-ம் வசனம். உங்களுக்கும் யாராவது இதைச் சொல்வார்கள். அப்போது பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள். பவுல் அந்தப் பேச்சை மூன்றாம் அதிகாரத்தோடு முடிக்கவில்லை. நாலாம் அதிகாரத்தின் முதல் வசனம் முதலாளிகளுக்கு: "எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறாரென்று அறிந்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்." அதிகாரம் பிரித்தவர்கள் எங்கேயோ கோடு போட்டுவிட்டார்கள், பிரசங்கங்களும் அந்தக் கோட்டிலேயே நின்றுவிடுகின்றன. நான் ஐயர் முன்னால் அதை வாசித்தேன். அவர் மறுக்கவில்லை. முதலாளியிடம் பேசவும் இல்லை.

பேதுரு, முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படியச் சொல்லியிருக்கிறாரே என்று கீழே கமெண்டில் யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். அது அடிமைகளுக்கு எழுதியது. நாம் அடிமைகள் இல்லை, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், நமக்குச் சட்டம் இருக்கிறது. பவுலுக்கு ரோமக் குடியுரிமை இருந்தது, அதை அவர் பயன்படுத்தினார். பிலிப்பி பட்டணத்தில் அவரை விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு ரகசியமாக அனுப்பப் பார்த்தபோது, அதிகாரிகளே வந்து வெளியே அழைத்துவிடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். ரோம ஆளுநர் பெஸ்து முன்னால் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசருக்கு மேல்முறையீடே செய்தார். பவுல் செய்ததை நாம் செய்தால் எப்படி அவிசுவாசம் ஆகும்?

கூலி விஷயத்தில் வேதம் சுற்றி வளைத்துப் பேசவே இல்லை. ஏழைக் கூலிக்காரனுக்குப் பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24. யோயாக்கீம் ராஜா வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காமல் விசாலமான மேலறைகளோடு அரண்மனை கட்டினான், எரேமியா தீர்க்கதரிசி அவனுக்கு ஐயோ என்றார். மாடிக்கு மேல் மாடியும் கிளைக்கு மேல் கிளையும் எழும்புகிற கடைகளைப் பார்க்கும்போது எனக்கு எரேமியாவின் அந்த 22-ம் அதிகாரம்தான் ஞாபகம் வருகிறது. யாக்கோபு 5:4-ல் பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது. ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) சபைக்காரர்களும் கேளுங்கள்: பாப்பரசர் 13-ம் லியோ 1891-ல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலில் யாக்கோபின் இதே வசனத்தைக் காட்டித்தான் கூலியை ஏமாற்றுவது பெரிய குற்றம் என்றார்.

மத்தேயு 20-ல் இயேசு சொன்ன உவமையில், என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரம் இல்லையா என்று திராட்சத்தோட்டத்து எஜமான் கேட்கிறாரே, அந்த வசனத்தை எங்கள் முதலாளி அடிக்கடி சொல்வார். அந்த எஜமான் பேசினபடி சாயங்காலமே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார், ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்தார். கூடக் கொடுத்த மனிதனின் வார்த்தையைக் குறைத்துக் கொடுப்பவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. கோபுரத்துக்குக் கொடுத்த பணத்தைப் பற்றியும் எனக்கு இதே எண்ணம்தான். அதில் அந்த அக்காவின் சம்பளம் இருக்கிறது. அடுத்தவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் படைப்பதுதான் காணிக்கை.

நான் கம்யூனிஸ்ட் கட்சிக்காரி இல்லை. முதலாளிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்றும் சொல்லவில்லை. இந்தக் கடைகள் இல்லாவிட்டால் எங்கள் பக்கம் பல வீடுகளில் அடுப்பு எரியாது என்பது எனக்கும் தெரியும். மற்ற மதத்தார் கடைகளிலும் இதேதான் நடக்கிறது. ஆனால் நீங்கள் கிறிஸ்தவ முதலாளியைப் பற்றிக் கேட்டீர்கள், நானும் அப்படிப்பட்ட கடையில் இருந்தேன்.

சபையைப் பற்றி இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். என் தங்கை கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க (கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசிக்க) கேட்டபோது, நான் வெளியூரில் இருந்த வருடங்களுக்கும் சேர்த்துச் சங்க பாக்கியை, அதாவது சபைச் சந்தா பாக்கியை, கட்டினால்தான் ஆகும் என்றார்கள். அந்த வருடங்களில் என்னை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு விடாதது யார் என்று கமிட்டிக்குத் தெரியும். அப்பா வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார். இதுவும் கேட்க வேண்டிய விஷயம்தான்.

சரி, அந்த அக்கா விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். நானும் இன்னொரு பிள்ளையும் அவரோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனோம். உதவி ஆய்வர் கடைக்கு ஃபோன் பண்ணிக் கூப்பிட்டு விசாரித்தார். சம்பளம் வந்துவிட்டது. டெபாசிட்டுக்கு ரசீது இல்லாததால் அது வரவில்லை. எனக்கு அடுத்த மாதமே குடோனுக்கு மாற்றல் வந்தது. கொஞ்ச நாளில் நானும் நின்றுவிட்டேன். இப்படி நடக்கவும் வாய்ப்பு இருக்கிறது, தெரிந்துகொண்டே போங்கள்.

தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், கூட ஒருவராவது வேண்டும். எந்த நாளில் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சம்பளம் பேங்கில் வந்தால் ஸ்டேட்மென்ட், கையில் தந்தால் அந்தக் கவரையாவது எடுத்து வையுங்கள். ஐடி கார்டை வேலையை விடுமுன்பே ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், நிற்கிற அன்று பிடுங்கிவிடுவார்கள். முதலில் முதலாளியிடமே மரியாதையாகக் கேளுங்கள், மத்தேயு 18-ல் சொன்னபடி. அவர் கேட்காவிட்டால் தொழிலாளர் துறைக்கு மனு எழுதுங்கள். மனுவின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் அங்கிருந்து வராதீர்கள்.